இருவரும் பிரித்த திரை

அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆலயத்தில் தனக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரின் முதுகில் நூல் ஒட்டியிருந்தால் எடுத்துவிடுவாள். காலருக்கு வெளியே துணிக்கடைச் சீட்டு எட்டிப் பார்த்தால் ஒற்றை விரலால் உள்ளே தள்ளிவிடுவாள். ஜெபத்துக்கு எல்லோரும் தலைகுனியும் நேரம் பார்த்துத்தான் இதைச் செய்வாள். எடுத்த நூலைச் சுண்டுவிரலில் சுற்றிக்கொண்டு, ஆமென் சொல்லும்போது நல்ல பிள்ளைபோல் கண்ணை மூடியிருப்பாள். இருபத்திரண்டு வருடமாக அவள் பக்கத்தில் உட்காருகிறேன். ஒருவர்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை. என் ஓரகத்தி. அண்ணன் தம்பி இருவரைக் கட்டிக்கொண்டு நாங்கள் ஒரே வீட்டுக்கு வந்தோம். அவள் ஆறு வருடம் முன்னால், நான் பின்னால். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். நாலு பேர் கூடின இடத்தில் என் குரல் தொண்டையிலேயே உட்கார்ந்துகொள்ளும். வந்த புதிதில் மாமியார் எதையாவது கேட்டால் நான் விழித்துக்கொண்டு நிற்பேன். எனக்கும் சேர்த்து அக்காதான் பதில் சொல்லுவாள்.

"அவளுக்கு டீ வேண்டாமாம் அத்தை."

எனக்கு டீ வேண்டும் என்பதுதான் உண்மை. அக்கா அவ்வளவு அன்பாகச் சொன்னதால் வேண்டாம் என்றே இருந்துவிட்டேன்.

அவளுக்குத் துணி வெட்டுகிற வேலை. வீட்டின் முன்னறையில் மூன்று மிஷின்கள், நடுவில் நீளமான மேசை. அக்கா வெட்டுவாள், வேலைக்கு வரும் இரண்டு பெண்கள் தைப்பார்கள், காஜா எடுப்பது, பட்டன் வைப்பது, ஓரம் மடித்துக் கையால் தைப்பது எல்லாம் நான். கட்டிங் மாஸ்டரைத் தேடி வருகிறவர்கள் வாசலில் நின்றுகொண்டு, "மாஸ்டர் இல்லையாம்மா?" என்று அவளிடமே கேட்பார்கள். "இருக்காங்க, உக்காருங்க" என்பாள். அவர்கள் உட்கார்ந்ததும் கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு அளவெடுக்க வருவாள். அப்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஒருமுறை கல்யாணக் கோட்டு ஒன்றில் இடக்கையை வலப்பக்கத்தில் வைத்துத் தைத்துவிட்டாள் வேலைக்கு வந்த பெண். கோட்டுக்காரர் வந்து குதித்தார். அக்கா எழுந்து நின்று, "வெட்டினது நான்தான் சார். தப்பு மேசையிலதான் ஆயிருக்கும்" என்றாள். மேசையில் ஒரு தப்பும் ஆகவில்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு நன்றி சொல்ல வந்தபோது, "போம்மா, போய் சாப்பிடு" என்று சொல்லிவிட்டு, கையைப் பிரித்துத் தானே தைத்து முடித்தாள். தைக்கத் தெரியாமல் தைத்தவளுக்கு எப்படிப் பிரித்துத் தைப்பது என்று காட்டவுமில்லை. அப்படித்தான் அவள். எல்லாப் பாரத்தையும் தன் தோளுக்கு இழுத்துக்கொள்வாள், இழுத்தது யாருக்கும் தெரியாதபடி.

இப்படிப்பட்டவளுடன் ஏழு வருடம் முகம் கொடுத்துப் பேசாமல் ஒருவர் இருந்தார் என்றால் நம்புவது கஷ்டம். இருந்தார். எங்கள் நாத்தனார்.

நாத்தனார் எங்கள் வீட்டுக்காரர்கள் இருவருக்கும் மூத்தவர். நல்ல உயரம், நல்ல குரல். சபையில் பெண்கள் சங்கத்துக்குச் செயலாளர். அவர் நடந்து வந்தால் பெஞ்சுகள் தாமாக நேராகிக்கொள்ளும் என்று ஏணி அண்ணன் சொல்லுவார். ஏணி அண்ணன் ஆலயத்தில் விளக்கு மாற்றுவது, ஒட்டடை அடிப்பது, மணி அடிப்பது எல்லாம் செய்கிறவர். ஏணி இல்லாமலே பாதி வேலையை முடித்துவிடும் உயரம் என்பதால் அந்தப் பெயர்.

மாமியார் இறந்தபோது நாத்தனார் வேறு ஊரில் இருந்தார். தகவல் மத்தியானம் போனது. அவர் ரயில் மறுநாள் காலையில்தான் வரும். அன்று சாயங்காலமே அக்கா வெள்ளைத் துணி வாங்கி வரச் சொல்லி, அளவெடுத்து, மாமியாருக்குக் கடைசி உடுப்பைத் தைத்துவிட்டாள். அழுதுகொண்டே தைத்தாள். நான்தான் பட்டன் வைத்தேன். காலையில் நாத்தனார் கையில் ஒரு பையோடு ஓடி வந்தார். உடுத்திப் படுக்க வைத்திருந்த தன் தாயைப் பார்த்தார். அப்புறம் அக்காவைப் பார்த்தார்.

"யாரைக் கேட்டுத் தைச்சே?"

"கேக்க நேரமில்ல அண்ணி" என்றாள் அக்கா. கண்விழித்த அலுப்பில் அது கொஞ்சம் வெடுக்கென்று வந்துவிட்டது.

நாத்தனார் பையைத் திறக்கவில்லை. அவர்கள் இருவரும் முகம் பார்த்துப் பேசின கடைசிப் பேச்சு அதுதான். வேடிக்கை என்னவென்றால், அந்த வருடமே அவர் வீட்டுக்காரருக்கு வேலை மாற்றலாகி, எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடிவந்துவிட்டார். தூரத்தில் இருந்தவரை பேசிக்கொண்டிருந்தவர்கள் பக்கத்தில் வந்ததும் பேசாமல் போனார்கள்.

அக்கா சும்மா இருக்கவில்லை. மூன்று முறை அவர் வீட்டுக்குப் போனாள். "மனசு கஷ்டப்பட்டிருந்தா மன்னிச்சுக்குங்க அண்ணி" என்றாள். நாத்தனார் சுவரைப் பார்த்து, "யாருக்கும் இங்க ஒரு கஷ்டமும் இல்ல" என்றார். நானும் கூடப் போயிருந்தேன். எதற்காகக் கேட்கிறோம் என்று தெரியாமல் கேட்ட மன்னிப்பு அது. நாத்தனார் கொடுக்காததில் ஆச்சரியமில்லை என்று இப்போது தோன்றுகிறது.

அதிலிருந்து அக்கா திருவிருந்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள். மனஸ்தாபத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஆண்டவருடைய பந்தியில் கைநீட்டக் கூடாது என்பது அவள் கணக்கு. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு எல்லோரும் எழுந்து முன்னால் போவார்கள். அவள் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் வாங்கிவிட்டுத் திரும்பி வரும்போது என் முகத்தைப் பார்ப்பாள், பசித்தவர்கள் சாப்பிட்டு வருகிறவர்களைப் பார்ப்பதுபோல.

இதில் எல்லோருக்கும் தெரியாத இன்னொன்றும் உண்டு. நாத்தனாரும் ஏழு வருடமாக வாங்கவில்லை. அப்பத்தையும் கிண்ணங்களையும் ஒழுங்குபடுத்தி வைப்பது செயலாளர் பொறுப்பு. அவர் அழகாக அடுக்கி, வெள்ளைத் துணி போட்டு மூடி வைப்பார். வரிசை நகர ஆரம்பித்ததும், பின்பக்கம் குழாய் ஒழுகுகிறதா, பிள்ளைகள் சத்தம் போடுகிறார்களா என்று பார்க்க வெளியே போய்விடுவார். மாதாமாதம் சரியாக அந்த நேரத்தில் எந்தக் குழாய் ஒழுகும்? நான் அதிகம் பேசாதவள், அதனால் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவர்கள் பேசிக்கொள்ளவில்லையே தவிர, குடும்பம் என்று இருந்தால் சொல்ல வேண்டிய விஷயம் இருக்கத்தானே செய்யும். எல்லாம் என் வழியாகத்தான் போய் வந்தது. "சின்னவளே, பெரிய தம்பிக்குக் காய்ச்சலாமே, கஷாயம் குடுத்தாளான்னு கேளு." "தங்கச்சி, அண்ணிக்கு முட்டிவலி எப்படி இருக்குன்னு கேட்டுட்டு வா." பேச வராத ஒருத்தியை இரண்டு பேருக்கும் வாயாக்கி வைத்திருந்தார்கள்.

நாலு வருடத்துக்கு முன்னால் ஆலயத்தின் முன்பகுதியைப் புதுப்பித்தார்கள். பீடத்துக்குப் பின்சுவரை மறைக்கப் புதிய திரை போட வேண்டும் என்று முடிவானது. கருஞ்சிவப்பு வெல்வெட், ஒரே சுருளிலிருந்து இரண்டு பாதி. போதகர் நல்ல மனிதர், புதிதாக வந்தவர். எங்கள் குடும்பத்தில் இரண்டு நல்ல தையற்காரிகள் இருக்கிறார்கள் என்று மட்டும் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். மீதியைச் சொல்லவில்லை. அவர் சந்தோஷமாக இடது பாதியை அக்காவிடமும் வலது பாதியை நாத்தனாரிடமும் கொடுத்துவிட்டார்.

"ரெண்டு பேரும் கலந்து பேசிச் செஞ்சுடுங்கம்மா" என்றார்.

ஏணி அண்ணன் மேலே விளக்கைத் துடைத்துக்கொண்டே, "நல்லா பேசுவாங்க ஐயா" என்றார்.

பத்து நாள் நான் இரண்டு தெருவுக்கும் நடந்தேன். நீளம் எவ்வளவு? பதினோரு அடி. மேல் மடிப்பு எத்தனை? பன்னிரண்டு. கொக்கிக்குக் கொக்கி எவ்வளவு? ஒரு சாண். கீழ் ஓரம்? நாலு விரல். எல்லாம் கேட்டார்கள், எல்லாம் சொன்னார்கள். ஒன்றை மட்டும் இருவரும் கேட்கவில்லை. வெல்வெட்டில் கண்ணுக்குத் தெரியாத ரோமம் இருக்கும். ஒரு பக்கமாகத் தடவினால் கை வழுக்கிக்கொண்டு போகும். எதிர்ப்பக்கமாகத் தடவினால் உள்ளங்கையைப் பிடித்து நிறுத்தும். தொங்கவிடும்போது ரோமம் மேலே பார்த்தபடி இருந்தால் நிறம் ஆழமாகத் தெரியும். கீழே பார்த்தபடி இருந்தால் கொஞ்சம் வெளிறி, பளபளவென்று தெரியும். ஆனால் தூசி தங்காது, வெகுநாள் உழைக்கும். அக்கா எப்போதும் மேலே பார்க்க வெட்டுவாள். நாத்தனார் எப்போதும் கீழே பார்க்க வெட்டுவார். இதைப் போய் யாராவது கேட்பார்களா என்று இருவரும் விட்டுவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் திரையை மாட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை பிரதிஷ்டை ஆராதனை, கூடவே திருவிருந்து. சங்கத்துப் பெண்கள் பத்துப் பேர் பார்க்க வந்திருந்தார்கள். ஏணி அண்ணன் கடைசிக் கொக்கியை மாட்டிவிட்டுக் கீழே இறங்கி, பின்னால் போய் நின்று பார்த்தார். இடது பாதி இருட்டுச் சிவப்பு. வலது பாதி வெளிறின சிவப்பு.

"ஒரு பக்கத்தை வெயில்ல காய வச்சீங்களா?" என்றார்.

பெண்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். சாயம் போன துணி என்றாள் ஒருத்தி. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றாள் இன்னொருத்தி. அக்காவுக்கும் நாத்தனாருக்கும் பார்த்த உடனே புரிந்துவிட்டது. போதகர் மட்டும் பாவம், இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாயிடுமாம்மா?"

"ஆயிடும் ஐயா" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில், அவரைப் பார்த்து. தங்கள் தங்கள் பாதியை இறக்கி மடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சரிசெய்வது எப்படி என்றால், ஒரு பாதியைத் தலைகீழாக்க வேண்டும். மேல் மடிப்புகள், கொக்கிப் பட்டை, கீழ் ஓரம், உள்துணி எல்லாவற்றையும் பிரித்து, கீழை மேலாக்கித் திரும்பத் தைக்க வேண்டும். வேலைகூடப் பரவாயில்லை. வெல்வெட் ஊசி பட்ட இடத்தை மறக்காது. பிரித்த இடத்தில் புள்ளி புள்ளியாகத் தடம் நிற்கும். மேலே இருந்த தடமெல்லாம் கீழே வந்து, உட்கார்ந்திருப்பவர்கள் கண்ணுக்கு நேராகத் தெரியும். பிரிக்கிற பாதிதான் தப்பாக வெட்டின பாதி என்று எல்லா நாளும் சொல்லிக்கொண்டிருக்கும். துணி வெட்டுகிறவளுக்கு இதைவிடப் பெரிய அவமானம் இல்லை.

அன்று சாயங்காலமே அக்கா மேசையில் துணியை விரித்தாள். சின்னப் பிளேடை எடுத்து முதல் மடிப்பைப் பிரித்தாள்.

"உங்களுது நல்லாத்தானே இருந்துச்சு அக்கா?" என்றேன்.

"அண்ணி செஞ்சதுதான் நியாயம். மேல ஒட்டடை, ஜன்னல்ல புழுதி. ரோமம் கீழ பார்த்தாதான் நிக்கும். நான் அழகை மட்டும் பார்த்துட்டேன்." நூலை இழுத்தாள். "அண்ணிகிட்ட சொல்லாதே தங்கச்சி. பேசாம மாத்திடறேன். சண்டைக்கு ஒரு காரணம் குறையட்டும்."

புதன்கிழமை கொக்கிப் பொட்டலம் கொடுக்க நாத்தனார் வீட்டுக்குப் போனேன். தரையெல்லாம் சிவப்புப் பொடி. அவர் மூக்குக் கண்ணாடியோடு கீழே உட்கார்ந்து மேல் மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். பொட்டலத்தைக் கொடுக்காமல் அப்படியே பார்த்தேன்.

"என்ன அப்படிப் பாக்கறே? அவளுது எவ்வளவு அழகா இருந்துச்சு, பார்த்தியா? திராட்சை ரசம் மாதிரி. என்னுதுதான் அழுது வடிஞ்சுது. மாத்திடறேன்." அப்புறம் விரலை நீட்டினார். "அவகிட்ட போய்ச் சொல்லித் தொலைக்காதே. சொன்னா ஓடி வந்து, குடுங்க நான் செய்யறேன்னு பிடுங்கிப்பா. இதையாவது நான் செய்யறேன்."

மூன்று நாள் இந்த இரண்டையும் சுமந்துகொண்டு திரிந்தேன். வெள்ளிக்கிழமை அக்கா அருகில் போய், "அக்கா" என்றேன். "என்ன?" என்று நிமிர்ந்தாள். "ஒண்ணுமில்ல" என்று வந்துவிட்டேன். நான் வேண்டுமென்றே சொல்லாமல் இருந்தேன், அதில் ஒரு ஞானம் இருந்தது என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். ஞானம் ஒன்றுமில்லை. இருவருக்கும் வாக்குக் கொடுத்திருந்தேன். எதை உடைப்பது என்று தெரியாத பயம்தான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மறுபடியும் மாட்டினார்கள். போதகர், ஏணி அண்ணன், நாங்கள் மூன்று பேர். வேறு யாரும் இல்லை. ஏணி அண்ணன் இறங்கி வந்து பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"செவ்வாய்க்கிழமை இந்தப் பக்கம் இருட்டு. இன்னிக்கு அந்தப் பக்கம் இருட்டு. என்னம்மா இது, கண்ணாமூச்சியா?"

இரண்டு பாதிகளின் கீழேயும் ஊசித்தடம் வரிசையாக நின்றது. அக்கா நாத்தனாரின் பாதியைப் பார்த்தாள். நாத்தனார் அக்காவின் பாதியைப் பார்த்தார். அப்புறம் இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"சின்னவளே, அவ எதுக்குப் பிரிச்சாளாம், கேளு."

"அண்ணி ஏன் பிரிச்சாங்கன்னு கேளு தங்கச்சி."

எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. "நீங்களே கேட்டுக்குங்க" என்றேன். "எனக்கு வாய் வலிக்குது."

"உனக்கா?" என்றார் ஏணி அண்ணன்.

போதகர் இருமிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். அக்கா கைகளைப் பிசைந்தாள். அப்புறம், ஏழு வருடத்துக்குப் பிறகு, நேராக அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏன் அண்ணி பிரிச்சீங்க?"

"உன்னுது அழகா இருந்துச்சு. அதான்." நாத்தனார் குரல் இறங்கியிருந்தது. "நீ ஏன் பிரிச்சே?"

"உங்களுது நியாயமா இருந்துச்சு."

நாத்தனாரின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்தேன். சிரிப்புத்தான், ஆனால் பாதியிலேயே அது வேறாக மாறியது. முன்பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டிருக்கலாம் அண்ணி." அக்கா திரையின் பக்கம் போனாள். "பரவாயில்ல, என்னுதையே திரும்பப் பிரிச்சுடறேன். நீங்க வீட்டுக்குப் போய் இருங்க, முட்டிவலியோட உக்காராதீங்க. சாயங்காலத்துக்குள்ள நானே…"

"பார்த்தியா! இதுதான்." நாத்தனார் எழுந்துவிட்டார். "இதேதான்! எல்லாத்தையும் நீயே செஞ்சுடுவே. அடுத்தவங்களுக்கு ஒண்ணையும் விட மாட்டே. அன்னைக்கு எங்கம்மாவுக்கு... எங்கம்மா என்கிட்ட கேட்டிருந்தா. 'கடைசியா எனக்கு நீதான் தைக்கணும்'னு. ரெண்டு வருஷமா துணி வாங்கிப் பெட்டியில வச்சிருந்தேன். லேஸ்கூட வாங்கியிருந்தேன். ரயில்ல அந்தப் பையை மடியிலயே வச்சுக்கிட்டு வந்தேன். வந்து பாத்தா நீ எல்லாத்தையும் முடிச்சுட்டே. ஒரு பட்டன்கூட எனக்கு விடலை."

அந்தப் பட்டனை வைத்தவள் நான். தலையைக் குனிந்துகொண்டேன்.

அக்கா திரையைப் பிடித்தபடியே நின்றாள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. அவள் அதைச் சொல்லவில்லை.

"காலையில ரயில் வந்துடும்னு எனக்குத் தெரியும் அண்ணி. காத்திருந்திருக்கலாம். உங்க அம்மா, நீங்க வந்து பார்க்கட்டும்னு எனக்குத் தோணவே இல்ல. நான் செஞ்சாத்தான் ஆச்சுன்னு செஞ்சுட்டேன். தப்பு." திரையை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "மூணு தடவை வந்தேனே, அப்பகூட எது தப்புன்னு தெரியாம வந்தேன். இப்பத்தான் தெரியுது."

எனக்கு அந்த நேரத்தில் பேதுருவின் ஞாபகம் வந்தது. ஆண்டவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, தண்ணீரோடு சீடர்களின் காலைக் கழுவக் குனிந்தபோது, பேதுரு காலை இழுத்துக்கொண்டார். பார்க்கிறவர்களுக்கு அது பெரிய பணிவாகத்தான் தெரிந்திருக்கும். ஆண்டவர் அதற்கு இடங்கொடுக்கவில்லை. எங்கள் அக்காவுக்குப் பிறருக்காகக் குனியத் தெரியும்; அவளைப்போல் குனிந்தவர்களை நான் பார்த்ததில்லை. தனக்காக இன்னொருவர் குனிவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்காரத்தான் அவளுக்குத் தெரியாது.

அக்கா ஏணி அண்ணனைப் பார்த்து, "என் பாதியை இறக்குங்க அண்ணே" என்றாள். இறக்கியதும் அதை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வந்து நாத்தனாரின் மடியில் வைத்தாள். பையிலிருந்து தன் கத்தரிக்கோலை எடுத்தாள். அவள் வீட்டுக்காரர் தெரியாமல் ஒருநாள் அதை வைத்துக் காகிதம் வெட்டிவிட்டு, ஒரு வாரம் திட்டு வாங்கின கத்தரிக்கோல். அதையும் கொடுத்தாள்.

"நீங்க பிரிங்க அண்ணி. நீங்களே தைங்க. என்ன செய்யணும்னு எனக்குச் சொல்லுங்க."

நாத்தனார் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "நான் உன்னளவுக்குத் தைக்க மாட்டேன். கோணலா வரும்."

"வரட்டும்."

"ஏற்கனவே ஒரு தடம் இருக்கு. இன்னொண்ணும் விழும். உன் பாதிதான் அசிங்கமா நிக்கும்."

"நிக்கட்டும் அண்ணி."

தரையில் பாயை விரித்து உட்கார்ந்தார்கள். நாத்தனாரால் மடக்கி உட்கார முடியாது; காலை நீட்டி, முதுகைப் பெஞ்சில் சாய்த்துக்கொண்டார். அவர் பிரிக்க, அக்கா நூல் துண்டுகளைப் பொறுக்கினாள். இரண்டு மூன்று தடவை அக்காவின் கை தானாகத் துணிக்குப் போனது. "ம்" என்றார் நாத்தனார். கையை எடுத்துக்கொண்டாள். துணி வெட்டுவதில் இந்த ஊரிலேயே முதல் கையை மடியில் கட்டி வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

சங்கத்துத் தையல் வகுப்புக்கென்று பின்னறையில் ஒரு கை மிஷின் இருந்தது. ஏணி அண்ணன் அதைத் தூக்கி வந்து பெஞ்சில் வைத்தார். வெல்வெட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் சக்கரம் சுற்றித் தைக்க முடியாது. மேல் துணியும் கீழ் துணியும் ஒன்றைவிட்டு ஒன்று நழுவும். இரண்டு கையாலும் இழுத்துப் பிடிக்க வேண்டும். அதனால் நாத்தனார் துணியைப் பிடிக்க, அக்கா சக்கரத்தைச் சுற்றினாள்.

"மெதுவா."

"ம்."

"மெதுவான்னா நிறுத்தச் சொல்லலை. சுத்து."

"சுத்தறேன் அண்ணி."

"அங்க என்ன பார்வை? கோணலாத்தான் போகுது, எனக்குத் தெரியும்."

"நான் ஒண்ணும் சொல்லலையே!"

"உன் மூஞ்சி சொல்லுது."

முதல் ஒரு முழம் விட்டுவிட்டு வந்தது. அவள் வேகமும் இவர் வேகமும் சேரவில்லை. அப்புறம் சக்கரத்தின் சத்தம் ஒரே சீராகக் கேட்க ஆரம்பித்தது. போதகர் வெளியே போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார். என்னிடம் நீட்டும்போது அக்கா வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டு, "உனக்கு வேணுமா தங்கச்சி?" என்று கேட்டாள். பதினெட்டு வருடத்தில் அவள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. வேணும் என்றேன்.

மாலை நாலரை மணிக்குத் திரையை மாட்டினார்கள். நாத்தனாரின் பாதி எப்படித் தொங்கியதோ, அக்காவின் பாதியும் அதேபோல் தொங்கியது. சுவர் முழுக்க ஒரே சிவப்பு. அக்கா பக்கத்தில் கீழே ஒரு வரிசைப் புள்ளி, மேலே இன்னொரு வரிசை. ஓரமும் லேசாக அலை அலையாக இருந்தது. அவள் அதையெல்லாம் பார்த்தாள். எதையும் தொடவில்லை.

மறுநாள் ஆலயம் நிறைந்திருந்தது. திரை நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். ஒருத்தி மட்டும் ஓரத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் யார் தைச்சது? கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கே" என்றாள்.

"என் பாதிதான்" என்றாள் அக்கா.

"நான்தான் தைச்சேன்" என்றார் நாத்தனார் பின்னாலிருந்து. "அவ சக்கரம் சுத்தினா."

திருவிருந்து நேரம் வந்தது. வரிசை நகர்ந்தது. நாத்தனார் வழக்கம்போல் கிண்ணங்களின் துணியை எடுத்து மடித்து வைத்தார். பக்கக் கதவு திறந்துதான் இருந்தது. அவர் அங்கே போகவில்லை. நடு வழியாக இறங்கி வந்து எங்கள் பெஞ்சின் ஓரத்தில் நின்றார். அக்கா பாட்டுப் புத்தகத்தை மூடினாள். எழுந்து வெளியே வந்தாள்.

"நீங்க முன்னால போங்க அண்ணி."

"நீ போ."

"நீங்கதானே பெரியவங்க."

"அதான் சொல்றேன், போன்னு."

பின்னால் வரிசை நின்றுவிட்டது. கடைசியில் இரண்டு பேருக்கு இடமில்லாத அந்த வழியில் இருவரும் பக்கம் பக்கமாக, தோளோடு தோள் இடித்துக்கொண்டு போனார்கள். முழங்காலிட நாத்தனாருக்கு முடியவில்லை. அக்கா கையைக் கொடுத்தாள். அவர் பிடித்துக்கொண்டு இறங்கினார். போதகர் ஒருத்திக்கு அப்பத்தைக் கொடுத்து அடுத்தவளுக்குக் கொடுக்கும்போது அவர் குரலும் கொஞ்சம் உடைந்தது. நான் அவர்களுக்கு அடுத்து முழங்காலிட்டிருந்தேன். எங்கள் மூன்று பேருக்கும் ஒரே அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தார்.

இது நடந்து நாலு வருடமாகிறது. அதன்பிறகு ஒரு சண்டையும் வரவில்லை என்று சொன்னால் பொய். இருவரும் வாரத்தில் ஒருமுறையாவது கத்திக்கொள்கிறார்கள், நேருக்கு நேராக. செவ்வாயும் வெள்ளியும் நாத்தனார் எங்கள் முன்னறைக்கு வந்து தைக்கிறார். அக்கா வெட்டுவதற்கு முன்னால், "இப்படி வெட்டட்டுமா அண்ணி?" என்று கேட்கிறாள். சில நேரம் மறந்து வெட்டிவிடுகிறாள். மறந்துவிட்டேன் என்று சொல்லிவிடுகிறாள். நாத்தனாருக்கு இப்போது ஒரு கண்ணில் புரை. அறுவைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் கூட இருக்கப்போவது அக்கா. போன மாதம் முதல் ஞாயிறும் இருவரும் சேர்ந்துதான் திருவிருந்துக்குப் போனார்கள்.